முன்பலகை நேர்த்தியாக வர: சில கேள்விகள், பதில்கள்

வீட்டில் செய்யும் ஆம்பிளிபயர், டைமர் பெட்டிகளின் முன்பலகை பற்றி நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவை இவை.

ஈரோடு: அண்ணா, அலுமினியத் தகட்டில் ஓட்டைகள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. நல்ல ஸ்டிக்கர் ஒட்டியும் கடைப் பொருள் மாதிரி வரவில்லை.

ஸ்டிக்கரை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதலில் ஓட்டை. நாலு குமிழ் உள்ள வரிசையில் ஒன்று அரை மி.மீ. இறங்கியிருந்தாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். படத்தைக் கணினியில் வரைந்து 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுங்கள். படத்திலேயே 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு வைத்தால், பிரிண்டர் சுருக்கிவிட்டதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம். தாளைத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு ஓட்டையின் மையத்திலும் சென்டர் பஞ்ச் (கூர்முனை உள்ள இரும்புக் குச்சி) வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்தக் குழி இல்லையென்றால் பிட் வழுக்கி ஓடும். அடியில் மரக்கட்டை கொடுத்து இறுக்கிப் பிடித்து, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு ஸ்டெப் ட்ரில் (படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட்). வால்யூம் கண்ட்ரோலின் கழுத்தை (ஓட்டைக்குள் நுழையும் மரைப் பகுதி) வெர்னியர் அளவுகோலில் அளந்த பிறகே ஓட்டை அளவை முடிவு செய்யுங்கள். கடைசியாக, பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து ஓட்டையின் வாயில் இரண்டு சுற்று சுற்றினால் பிசிறு சுருண்டு விழும். இதைச் செய்யாமல் விட்டால் ஸ்டிக்கர் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கரூர்: குமிழைச் சுற்றி 0 முதல் 10 வரை எப்படிப் பிரிப்பது?

பெரும்பாலான வால்யூம் கண்ட்ரோல் ஏறத்தாழ 300 டிகிரி சுற்றும். ஒரு எண்ணுக்கு 30 டிகிரி, அதாவது கடிகாரத்தில் ஒரு மணி. 0 ஏழு மணியில், 5 பன்னிரண்டில், 10 ஐந்து மணியில் வரும்.

திருப்பூர்: பனியன் பிரிண்டிங் பட்டறையிலேயே தகட்டில் அச்சடித்துவிடலாமா?

ஸ்க்ரீன் (அச்சு வலை) கட்டிய சட்டமும், மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜியும் உதவும், மை உதவாது. துணிக்கான பிளாஸ்டிசால் மை சூட்டில் வெந்து நூலில் பிடிப்பது. வழுவழுப்பான உலோகத்தில் சுரண்டினால் உரிந்துவிடும். உலோகத்துக்கான மை தனியே கேட்டு வாங்க வேண்டும். இருபது பெட்டி செய்கிறீர்கள் என்றால் தாராளமாக இறங்குங்கள். ஒன்றே ஒன்றுக்கு ஸ்க்ரீன் போடுவது வீண் செலவு.

பொள்ளாச்சி: தோப்பு மோட்டாருக்கு டைமர் செய்கிறேன். அப்பாவுக்காகத் தமிழில் எழுத வேண்டும். கை பட்டு அழியக் கூடாது.

நல்ல காரியம். லேசர் பிரிண்டரில், அதற்கான ஒளிபுகும் ஷீட்டில் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி எடுங்கள். அச்சுப் பக்கத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஷீட்டை ஒட்டி, அந்தப் பக்கம் உள்ளே போகும்படி பலகையில் ஒட்டிவிடுங்கள். எழுத்து ஷீட்டுக்குப் பின்னால் இருப்பதால் ஈரக்கை பட்டாலும் தேயாது. எழுத்து உயரம் 4 மி.மீ.க்குக் கீழே வேண்டாம். ‘ணை’, ‘ழு’ போன்றவற்றில் சுழி அடைத்துக்கொள்ளும். பலகை உலோகம் என்றால் எர்த் வயரை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். ஈரக்கையோடு அப்பா தொடப்போகும் பெட்டி அது.

கோவை: லேசரில் வெட்டிய அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். ஓரமெல்லாம் மயிரிழை விரிசல்.

வெட்டின சூட்டில் ஓரம் இறுகி நிற்கும். ஸ்பிரிட் பட்டதும் அங்கேதான் விரியும். அடுத்த முறை சோப்புத் தண்ணீர் போதும்.