அடுப்படிக்கும் நேரம் உண்டு: ஊரடங்கு கால வாசகர் கேள்வி – பதில்

தமிழ்நாட்டில் கொரோனாவுக்காக 2021 மே 10-இல் தொடங்கிய ஊரடங்கு, 24-ஆம் தேதி முதல் மளிகைக் கடையும் காய்கறிக் கடையும் திறக்காத முழு ஊரடங்காகிவிட்டது. காய் மட்டும் வண்டியில் வந்தது. அப்போது வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே புலம்பல்தான்: வீட்டு வேலை முடியவே மாட்டேன் என்கிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கணவருக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. மகனுக்குக் கல்லூரி ஆன்லைன் வகுப்பு. மகள் பிளஸ் டூ, பரீட்சை எப்போது என்றே தெரியாமல் படிக்கிறாள். மாமனார், மாமியாரும் எங்களோடுதான். காலை ஆறு மணிக்குப் பற்றவைத்த அடுப்பை ராத்திரி பத்து மணிக்குத்தான் அணைக்கிறேன். காபி, டிபன், பதினோரு மணி டீ, சாப்பாடு, பஜ்ஜி, மறுபடி டிபன்... எப்படிச் சமாளிப்பது? – வாசகி, விழுப்புரம்

முதலில் நேரத்தைக் கட்டுங்கள். டிபன் 8 முதல் 9 வரை. சாப்பாடு 1 முதல் 2 வரை. ராத்திரி 7.30 முதல் 8.30 வரை. நடுவில் நாலு மணிக்கு ஒரு டீ. மற்ற நேரத்தில் அடுப்பு எரியாது என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் முணுமுணுப்பு இருக்கும், பிறகு வயிறு பழகிவிடும். இடையில் பசிப்பவர்களுக்காகக் காலையிலேயே ஒரு தட்டில் சுண்டல், வேர்க்கடலை, பழம் எடுத்து மூடி வையுங்கள். மாமனாருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அவருக்கு இது கட்டாயம்; மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, ராத்திரிக்கென்று தனிச் சமையல் வேண்டாம். ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை டம்ளர் துவரம் பருப்பைக் காலையில் ஒரே தடவையாக வேகவையுங்கள். ஒரு பங்கு சாம்பாருக்கு, அரைப் பங்கு ராத்திரிக் கூட்டுக்கோ கடைசலுக்கோ. புளி சேர்க்கும் முன்பே அந்த அரைப் பங்கைத் தனியாக எடுத்துவிட வேண்டும். புளி ஊற்றிய பிறகு பிரித்தால் ராத்திரி சாப்பிடுவதும் அதே சாம்பார்தான், தட்டில் மிச்சம் விழும். எடுத்த பருப்பு ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மே மாத வெயிலில் வெளியே இருந்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும்.

தினமும் புளி கரைக்கும் வேலையையும் ஒழிக்கலாம். கால் கிலோ புளியில் கொட்டை, நார் எடுத்து, இரண்டரை டம்ளர் கொதிநீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி வடிகட்டி, அடி கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு தேக்கரண்டி கல் உப்பு சேர்த்து, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை சுருளக் கிளறுங்கள். ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் இருக்கும். எலுமிச்சை அளவு புளிக்கு இதில் இரண்டு தேக்கரண்டி போதும். அலுமினியச் சட்டியில் மட்டும் செய்யாதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். மேலே பூஞ்சை படர்ந்தால் யாரோ ஈரக் கரண்டியை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, ஆள் பங்கு. "கொஞ்சம் உதவி பண்ணேன்" என்று கேட்டால் அந்த நேரத்துக்கு ஒரு கை கிடைக்கும், வேலை உங்கள் தலையில்தான் இருக்கும். முழு வேலையாகக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி தோசை ஊற்றுவது கணவர் பொறுப்பு என்றால் மாவை எடுத்து வெளியே வைப்பதிலிருந்து கல்லைத் துடைத்து வைப்பதுவரை அவருடையது. மத்தியானப் பாத்திரம் மகன். துணி காயப்போட்டு மடிப்பது மகள். பரீட்சை இருப்பதால் அவளுக்கு அது போதும். தோசை தீய்ந்தாலும் எழுந்து போய்க் கரண்டியை வாங்காதீர்கள். வாங்கினால் அன்றோடு அந்த ஏற்பாடு முடிந்தது.

ஆட்டிய மாவு இரண்டாம் நாளே புளித்துப் பொங்குகிறது. அடிக்கடி ஆட்டவும் முடியவில்லை. ரேஷன் அரிசியில் இட்லி கல்லாக வருகிறது. – வாசகி, திருச்சி

இட்லி அரிசி என்றால் நாலு டம்ளருக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். ரேஷன் புழுங்கல் அரிசிக்கு உளுந்தை ஒன்றேகால் டம்ளராக்குங்கள். உளுந்து பழசாக இருந்தாலும் அதே கணக்கு, பழைய உளுந்து பொங்காது. அரிசி நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி போதும். அதிகம் ஊறினால் பசை போய் மாவு காணாது. ஊறிய உளுந்தை ஃப்ரிட்ஜில் அரை மணி வைத்து, குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டுங்கள். கிரைண்டரோ மிக்ஸியோ, மாவு சூடேறினால் புளிப்பு முந்திக்கொள்ளும். ஒரு சொட்டு உளுந்து மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசி மட்டும் சன்ன ரவைப் பதத்தில் நிற்கட்டும், நைஸாக ஆட்டினால் இட்லி களியாகும்.

ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ள, ஆட்டியவுடன் மாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு ஒரு மேசைக்கரண்டி கல் உப்பைப் பொடித்துப் போட்டுக் கையால் கரைத்து வெளியே வையுங்கள். இப்போதைய வெயிலில் ஆறு மணி நேரம் போதும்; ராத்திரி பத்துக்குக் கரைத்தால் விடியற்காலை நாலு மணிக்கே பொங்கியிருக்கும். இன்னொரு பாதியை உப்பில்லாமல், புளிக்க விடாமல் நேராக ஃப்ரிட்ஜின் உள்பக்கத் தட்டில் வைத்துவிடுங்கள். கதவுத் தட்டு வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் சூடு படும். மூன்றாம் நாள் அதை எடுத்து உப்புக் கரைத்துப் புளிக்க வைத்தால் அன்றைக்கும் புது மாவு இட்லிதான். புளித்த பாதியின் மிச்சம் தோசைக்கு, அதற்கும் மிஞ்சியது வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரத்துக்கு. புளிப்பு தூக்கலாக இருந்தால் இரண்டு கரண்டி அரிசி மாவு கலக்கலாம். சமையல் சோடா போட்டால் புளிப்பு அடங்கும்தான், ஆனால் இட்லி மஞ்சளாகிச் சோப்பு வாடை அடிக்கும்.

எங்கள் தெருவுக்குக் காய்கறி வண்டி வாரம் ஒருமுறைதான் வருகிறது. கை கொள்ளாமல் வாங்கிவிட்டுப் பாதியைக் குப்பையில் போடுகிறேன். காயைச் சோப்பில் கழுவ வேண்டுமா? – வாசகி, கோவை

சோப்பு வேண்டவே வேண்டாம். சானிடைசரும் வேண்டாம். தோலில் தங்கும் சோப்பு வயிற்றுக்குள் போனால் குமட்டலும் பேதியும்தான் மிச்சம். சமைக்கும் முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். பையிலிருந்து காயை எடுத்து வைத்தபின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு: கீரை இரண்டு கட்டு, பொரியல் கூட்டுக்கான காய்கள் இரண்டரை கிலோ, தக்காளி ஒன்றரை, பெரிய வெங்காயம் ஒன்றரை, சின்ன வெங்காயம் அரை, உருளை ஒரு கிலோ. வண்டியைப் பார்த்ததும் கை நீளாமல் இருக்க இதை எழுதி எடுத்துப் போங்கள்.

சமைக்கும் வரிசையும் முக்கியம். முதல் இரண்டு நாள் கீரை, வெண்டை, கத்தரி. நடுவில் பீன்ஸ், அவரை, புடலை, முருங்கை. கடைசியில் கேரட், கோஸ், பரங்கி, சேனை, உருளை. இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் குப்பைக் கூடை நிறைகிறது. உருளைக்கிழங்கு வறுவலில் தொடங்கும் வீட்டில் வெண்டைக்காய் முற்றிப்போகும்.

வெண்டையை வாங்கியவுடன் கழுவி வைக்காதீர்கள், ஈரம் பட்டால் வழவழக்கும். கத்தரியை நாலைந்து நாள் ஃப்ரிட்ஜில் விட்டால் உள்ளே கறுக்கும், வெளியே நிழலில் இருக்கட்டும். கொத்தமல்லியின் வேரை நறுக்கிவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றி டப்பாவில் வையுங்கள். கறிவேப்பிலையை உருவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி மூடுங்கள். பச்சை மிளகாய் அழுகத் தொடங்குவது காம்பில்தான், காம்பைக் கிள்ளிவிட்டால் இரண்டு வாரம் தாங்கும். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழாகக் கவிழ்த்து அடுக்குங்கள். உருளையையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளையின் ஈரத்தில் வெங்காயம் அழுகும். பழுத்த வாழை, மாம்பழம் பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகும். பழம் விடும் எத்திலீன் வாயுதான் காரணம்.

முருங்கைக்கீரை ஆய்வது பெரிய வேலை என்று வாங்காமல் விடுகிறீர்களா? ஈரமில்லாத கொத்தைத் துணியில் இறுக்கிச் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும்.

கணவருக்குக் கொரோனா பாசிட்டிவ். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம். குழந்தைகளுக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? – வாசகி, மதுரை

அவருக்கு ஜன்னல் உள்ள அறையைக் கொடுங்கள். ஜன்னல் திறந்தும், கூடத்துப் பக்கக் கதவு மூடியும் இருக்கட்டும். இந்தத் தொற்று காற்றில்தான் அதிகம் பரவுகிறது. தரையைத் துடைப்பதைவிடக் காற்றோட்டம் முக்கியம். சாப்பாட்டை வாசலில் ஸ்டூலில் வைத்துவிட்டு நகருங்கள். கதவைத் திறக்கும் நேரத்தில் இருவருக்கும் மாஸ்க் வேண்டும், உங்களுக்கு என்95 என்றால் நல்லது.

பாத்ரூமுக்குக் காலையில் எல்லோரும் போய் வந்தபின் அவர் கடைசியாகப் போகட்டும். இடையில் அவர் போக நேர்ந்தால் ஜன்னலைத் திறந்துவைத்து அரை மணி கழித்து மற்றவர்கள் போங்கள். அவருக்குத் தனி வாளி, தனி மக். மற்றவர்களின் பிரஷ், துண்டு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

கழுவ பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 30 கிராம், அதாவது தலைதட்டி மூன்று மேசைக்கரண்டி. கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரால் பீங்கான், குழாய், தாழ்ப்பாள், சுவிட்சின் மேல்பாகம் ஆகியவற்றைத் துடைத்து, பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். சுவிட்சுக்குத் துணியைப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். அலசாவிட்டால் ஸ்டீல் குழாய் துருப்பிடிக்கும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பொட்டலத்தில் நெடி இல்லை என்றால் பலனும் இல்லை. ஒரு விஷயத்தில் மிகக் கவனம்: கழிப்பறை கழுவும் ஆசிட் திரவத்தோடு பிளீச்சிங் சேரவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில், அதுவும் ஏற்கெனவே நுரையீரல் சோர்ந்தவர் இருக்கும் வீட்டில், அது உயிருக்கே ஆபத்து.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். விரலில் மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தாலும் விரல் சில்லிட்டிருந்தாலும் அளவு தப்பாகக் காட்டும். எண் நிலைத்து நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள், காலை, மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என்று நாலு வேளை. 94-க்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எண்ணுக்காக இன்னொரு மணி நேரம் காத்திருக்க வேண்டாம். ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைக்கலாம்: கழுத்தடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்துக்கு அடியில் இரண்டு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும், கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து வாங்காதீர்கள்.

அவருடைய மாஸ்க்கை வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்தபின் குப்பைக்குக் கொடுங்கள். துப்புரவுப் பணியாளர்களும் நம்மைப் போல வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஏழு வயதும் ஒன்பது வயதும் ஆன பிள்ளைகள் நாள் முழுக்க செல்போனில்தான். பிடுங்கினால் அழுகை. – வாசகி, தஞ்சாவூர்

வெறுமனே பிடுங்கினால் அழத்தான் செய்வார்கள். போனுக்கு ஒரு இடம் வையுங்கள்: கூடத்தில், சார்ஜர் பக்கத்தில், படுக்கைக்குப் போகாது. பெரியவர்களின் போனும் சாப்பாட்டு நேரத்தில் அங்கேதான். அந்த நேரத்துக்குக் கையில் வேலை கொடுங்கள். சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள், ஒரு டம்ளர் மாவுக்கு எத்தனை சப்பாத்தி என்று எண்ணச் சொல்லுங்கள். பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை இருந்தால் போதும்.

ஊரடங்கு நீளும் என்று அரிசி, ரவை, பருப்பு நிறைய வாங்கிவிட்டோம். அதற்குள் வண்டு. – வாசகி, சேலம்

ரவையை வெறும் வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து, ஆறியபின் டப்பாவில் போடுங்கள். பருப்பை ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சூடு முழுக்கத் தணிந்தபின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அரிசியை மட்டும் வெயிலில் போடாதீர்கள், வெடித்து நொறுங்கிச் சோறு குழையும். நிழலில் பரப்பிப் புடைத்துவிட்டு, வசம்புத் துண்டையோ நாலு காய்ந்த மிளகாயையோ துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். கோதுமை மாவு, கடலை மாவு பாக்கெட்டுகளை ஃப்ரீஸரில் நாலு நாள் வைத்தெடுத்தால் முட்டையோடு அழியும். வெளியே எடுத்ததும் பாக்கெட்டைப் பிரிக்காமல், குளிர் விட்டபின் திறங்கள்.

கேஸ் எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? திடீரென்று தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. – வாசகி, ஈரோடு

ஈரத் துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒருமுறை துடையுங்கள். கேஸ் திரவமாக இருக்கும் மட்டம்வரை ஈரம் மெதுவாகவும், அதற்கு மேலே சீக்கிரமாகவும் காயும். அந்தக் கோடுதான் அளவு. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், சிலிண்டரின் மேல் வளையத்தில் வெற்று எடை கிலோவில் எழுதியிருக்கும். எடை போட்டு அதைக் கழித்தால் மிச்ச கேஸ். நிறைந்த சிலிண்டரில் 14.2 கிலோ இருக்க வேண்டும். புதுச் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் தராசு இருக்கும், அவர் முன்னாலேயே எடை போடச் சொல்லுங்கள், சங்கடப்பட வேண்டாம்.