மைனஸ் 15-இல் மாண்ட்ரீல் வரை மின்சாரக் கார் தாங்குமா?

கேள்வி: கனடாவில், டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். போன கோடையில் பழைய மின்சாரக் கார் ஒன்று வாங்கினோம். முழு சார்ஜில் 400 கி.மீ. ஓடும் என்றார்கள், கோடையில் ஓடவும் செய்தது. டிசம்பர் பிறந்ததிலிருந்து 280-க்கு மேல் காட்டுவதில்லை. ஜனவரி கடைசியில் மாண்ட்ரீலில் மச்சான் வீட்டுக் கல்யாணம். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு 401 நெடுஞ்சாலையில் போக வேண்டும். "பனியில் மாட்டினால் உறைந்துபோவீர்கள், வாடகைக்குப் பெட்ரோல் கார் எடு" என்கிறார் அண்ணன். பேட்டரி கெட்டுவிட்டதா? இந்தக் காரிலேயே போகலாமா?

பதில்: போகலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பேட்டரியும் கெடவில்லை. ஆனால் கோடையில் கிளம்பியதுபோலவே கிளம்பினால் வழியில் கஷ்டப்படுவீர்கள். குளிர்காலத்தில் மின்சாரக் கார் ஓட்டுகிறவர் கிலோமீட்டரை எண்ணுவதற்கு முன் சூட்டை எண்ணப் பழக வேண்டும். காருக்கும் பேட்டரிக்கும் வேண்டிய சூடு வீட்டு மின்சாரத்தில் வருகிறதா, பேட்டரியைத் தின்று வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த 120 கி.மீ. எங்கே போனது? பெட்ரோல் எஞ்சினில் எரியும் எரிபொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சூடாகவே வீணாகிறது. அதில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டுத்தான் உள்ளே ஹீட்டர் ஓடுகிறது. ஓட்டுபவருக்கு அது இலவசம். மின்மோட்டாரில் வீணாகும் சூடு சொற்பம். அதனால் ஹீட்டருக்கு வேண்டியதைப் பெரும்பாலும் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். விறைத்துக் கிடக்கும் காரைச் சூடாக்கும் முதல் சில நிமிடங்களில் ஹீட்டர் 5, 6 கிலோவாட் வரை இழுக்கும். உள்ளே சூடேறிய பிறகு சுமார் 2 கிலோவாட்டுக்கு இறங்கும். வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப் உள்ள கார் என்றால் இன்னும் குறையும். ஆனால் மைனஸ் 15, 20-க்குக் கீழே போகப் போக அதன் லாபமும் சுருங்கிவிடும்.

பேட்டரிக்கும் குளிர் ஆகாது. மார்கழியில் தேங்காயெண்ணெய் கெட்டிப்படுவதுபோல, செல்லுக்குள் லித்தியம் அயனிகள் போய்வரும் திரவம் குளிரில் தடித்துப்போகிறது. உள்ளே மின்தடை கூடுகிறது, கையில் கிடைக்கும் மின்சாரம் குறைகிறது. இது நிரந்தர இழப்பு இல்லை. பேட்டரி சூடானால் திரும்பி வந்துவிடும். ஏப்ரலில் பழைய எண்ணைப் பார்ப்பீர்கள்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15-இல் இருக்கும் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 13 சதவீதம் அடர்த்தி அதிகம். அதைக் கிழித்துக்கொண்டு போகக் கூடுதல் மின்சாரம் வேண்டும். டயரில் ஒவ்வொரு 5, 6 டிகிரி இறக்கத்துக்கும் ஒரு பி.எஸ்.ஐ. அழுத்தம் குறையும், செப்டம்பரில் காற்று பிடித்த டயரோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் தின்னும்.

இதெல்லாம் அளந்து பார்த்த விஷயம்தான். அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-இல் வெளியிட்ட சோதனையில், மைனஸ் 7 டிகிரிச் சுமாரில் ஹீட்டர் போட்டு ஓட்டியபோது சராசரியாக 41 சதவீதம் தூரம் குறைந்தது. ஹீட்டர் இல்லாமல் 12 சதவீதம்தான். எது அதிகம் தின்கிறது என்பது இதிலேயே தெரியும். கனடாவில் அதேபோன்ற சங்கமான சி.ஏ.ஏ. 2025 பிப்ரவரியில் பத்துக்கும் மேற்பட்ட கார்களை ஒட்டாவாவிலிருந்து மாண்ட்-ட்ராம்ப்லாண்ட் பக்கமாக, மைனஸ் 7 முதல் மைனஸ் 15 வரையான குளிரில் ஓட்டிப் பார்த்தது. காருக்குக் கார் 14 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. உங்கள் காரில் குறைந்திருப்பது 30 சதவீதம். பயப்பட ஒன்றுமில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கடைக்கு, பள்ளிக்கு, கோயிலுக்கு என்று ஐந்தைந்து கிலோமீட்டராக ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் கார் குளிர்ந்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சூடாக வேண்டும். நகருக்குள் காட்டும் எண் மோசமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். நெடுஞ்சாலையில் ஒருமுறை சூடேறினால் போதும். ஆனாலும் அங்கே வேகம் அதிகம், எதிர்காற்றும் இருக்கும். அதனால் திட்டம் போடும்போது 280-ஐ நம்பாதீர்கள், 240 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வழி. ஸ்கார்பரோவிலிருந்து மாண்ட்ரீல் சுமார் 520 கி.மீ. 240 கி.மீ. முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்ட முடியாது. 80 சதவீதத்துக்கு மேல் விரைவுச் சார்ஜரில் ஏறுவது மிக மெதுவாக இருக்கும். கீழே 15, 20 சதவீதத்தைத் தொடவே கூடாது. ஆக நடுவில் கிடைப்பது 150 கி.மீ. சொச்சம். வீட்டிலிருந்து 100 சதவீதத்தோடு கிளம்பி ட்ரெண்டனில் முதல் நிறுத்தம், சுமார் 150 கி.மீ. அங்கே பிள்ளைகளைச் சாப்பிடவைத்து, நேரமெடுத்து 85, 90 வரை ஏற்றுங்கள். அடுத்து பிராக்வில் பக்கம். அதன்பின் கார்ன்வால். அங்கிருந்து மாண்ட்ரீல் 115 கி.மீ.தான். எதிர்காற்றோ, பனிப்பொழிவோ இருந்தால் யோசிக்காமல் கிங்ஸ்டனிலும் நின்றுவிடுங்கள். கோடையில் ஒன்றிரண்டு நிறுத்தத்தில் முடிவது இப்போது மூன்று, நான்கு ஆகும். பயணத்தில் இரண்டு மணி நேரம் கூடும் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒரு சார்ஜரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது வேலை செய்யாமல் இருந்தால் அடுத்ததுவரை போகச் சார்ஜ் கையில் இருக்க வேண்டும். கையில் மீதி குறைகிறது என்று தோன்றினால் வேகத்தைக் குறையுங்கள். 110-இலிருந்து 95-க்கு இறங்கினால் காற்றை எதிர்க்கச் செலவாகும் மின்சாரம் கிலோமீட்டருக்குக் கால் பங்கு குறைகிறது. இதைவிடப் பெரிய மிச்சம் வேறு எதிலும் இல்லை.

கிளம்பும் நாள் காலையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பலர் கோட்டைவிடும் இடம் அதுதான். முந்தைய இரவு சார்ஜ் முடிந்துவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். செருகியே இருக்கட்டும். காரின் ஆப்பில் புறப்படும் நேரத்தைக் குறித்துவையுங்கள். ஏழு மணி என்று வைத்தால் அரைமணி, முக்கால்மணி முன்னதாகவே கார் தானாக உள்ளே சூடேற்றத் தொடங்கும், பல கார்களில் பேட்டரியையும் சேர்த்து. செலவாவது வீட்டு மின்சாரம். கண்ணாடியில் படிந்த பனி உருகி வழியும், உறைந்த கதவுப்பிடி இளகும், சார்ஜ் பிளக்கும் சிக்காமல் கழன்று வரும். பிளக் மாட்டிக்கொண்டால் கொதிநீர் ஊற்றாதீர்கள்; இன்னும் கொஞ்சம் சூடேற விடுங்கள். வீட்டில் இருப்பது சாதாரண 120 வோல்ட் பிளக் என்றால் அது தருவது 1.4 கிலோவாட்தான், கடுங்குளிரில் அதில் பெரும்பகுதி பேட்டரியைச் சூடாக வைக்கவே போய்விடும். முதல் நாள் மாலையே எங்காவது விரைவுச் சார்ஜரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து செருகுங்கள்.

வழியிலும் இதே விதிதான். குளிர்ந்த பேட்டரியில் வேகமாக மின்சாரம் திணித்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் பாழாகும். அதனால் காரே சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும். இருபது நிமிட வேலை ஒரு மணி நேரம் இழுப்பது இப்படித்தான். 2024 ஜனவரியில் சிகாகோ பகுதியில் சார்ஜிங் நிலையங்களில் நீண்ட வரிசை நின்று, சார்ஜ் தீர்ந்த கார்களை இழுத்துப்போன செய்தி உங்கள் அண்ணன் காதுக்கும் வந்திருக்கும். சில சார்ஜர்கள் வேலை செய்யவில்லை. அதோடு, பேட்டரியைச் சூடாக்காமல் வந்து நின்ற கார்கள் இடத்தை மணிக்கணக்கில் அடைத்துக்கொண்டன. இதைத் தவிர்க்க, அடுத்த சார்ஜரைக் காரின் சொந்த வழிகாட்டியில் இலக்காகப் போடுங்கள். போன் வரைபடத்தில் போட்டால் மட்டும் காருக்குத் தெரியாமல் போகலாம். காரில் போட்டால், அந்த வசதி உள்ள கார்கள் போகும்போதே பேட்டரியைச் சூடாக்கத் தொடங்கிவிடும். உங்கள் காரில் அந்த வசதி இருக்கிறதா என்று இந்த வாரமே கையேட்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்று செய்யலாம்: நெடுஞ்சாலையில் ஓடிய சூட்டோடு நேராகச் சார்ஜருக்குப் போங்கள். சாப்பிட்டுவிட்டு, ஹோட்டலில் தங்கிவிட்டு, பிறகு சார்ஜ் போடலாம் என்று வைக்காதீர்கள்.

டயர் விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. குளிர்கால டயர் போடாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் நடுவில் பனித்துகளும் வரைந்த குறி இருக்க வேண்டும். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கிறது.  கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டமே. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் போட்டிருந்தால் காப்பீட்டில் தள்ளுபடி கேட்டு வாங்கலாம்.

கிளம்பிய முதல் அரைமணியில், பெடலிலிருந்து காலை எடுத்தால் கார் வழக்கம்போல வேகம் குறையாது. குளிர்ந்த பேட்டரி பிரேக் ஆற்றலைத் திருப்பி வாங்காது, அதனால்தான். பெடலை விட்டால் நின்றுவிடும் என்ற பழக்கத்தில் இருந்தால் முன்னால் போகிற வண்டியில் இடிக்க நேரும். பேட்டரி சூடான பிறகு அந்த இழுப்பு திரும்பி வரும்; வழுக்கும் சாலையில், அதிலும் பின்சக்கர இழுவைக் கார் என்றால், அதைக் குறைந்த அளவில் வைத்து ஓட்டுங்கள். எல்.இ.டி. முகப்பு விளக்குகள் அதிகம் சூடாகாது, மேலே ஒட்டும் பனி உருகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் துடையுங்கள்.

இனி அண்ணனின் பயம். பனிப்புயலில் சாலை மூடி நின்றுவிட்டால்? உங்கள் பேட்டரி 65 யூனிட் (கிலோவாட்-மணி) என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் மீதி இருந்தால் 26 யூனிட். மணிக்கு 2 யூனிட் ஹீட்டர் தின்றாலும் 13 மணி நேரம். உள்ளே 17, 18 டிகிரிக்கு இறக்கி, இருக்கைச் சூட்டையும் போர்வையையும் நம்பினால் இன்னும் நீளும். ஓர் இருக்கையைச் சூடாக்க 100 வாட்கூட வேண்டாம். 2022 ஜனவரியில் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலையில் சிலர் 24 மணி நேரத்துக்கும் மேல் மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் 15 சதவீதத்தோடு நிற்பவருக்கும் 50 சதவீதத்தோடு நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால்தான் கீழ் எல்லையைத் தொட வேண்டாம் என்கிறேன். அதேசமயம் பெட்ரோல் காரில் புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். ஆளைச் சத்தமில்லாமல் கொல்லும். மின்சாரக் காரில் அந்த ஆபத்து இல்லை. இதை அண்ணனிடம் சொல்லுங்கள். 2024-இல் நார்வேயில் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள் என்பதையும் சொல்லுங்கள். அங்கேயும் பனி கொட்டத்தான் செய்கிறது.

ஆனாலும் வண்டியில் போர்வைகள், பனி வாருகோல், சின்ன மண்வாரி, தண்ணீர், சாப்பாடு, மைனஸ் 40 தாங்கும் கண்ணாடி கழுவும் திரவம் இருக்கட்டும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்தால் கார் கண்ணே திறக்காது. வாங்கியது பழைய கார், ஆகவே கிளம்பும் முன் அதைச் சோதித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

மாண்ட்ரீலில் தங்கும் வீட்டில் காரைச் செருக இடம் உண்டா என்று மச்சானிடம் இன்றே கேளுங்கள். சாதாரண பிளக்கானாலும் பரவாயில்லை. இல்லையென்றால், வாசலில் இரவெல்லாம் விறைத்த பேட்டரியோடு மறுநாள் காலை விரைவுச் சார்ஜரைத் தேடாதீர்கள். கல்யாணம் முடிந்து வரும் வழியிலேயே, கார் சூடாக இருக்கும்போது, ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அடிப்பக்கத்து உப்பைக் கழுவுங்கள். இந்தக் கார்களில் பிரேக் அதிகம் தேயாது, அதனாலேயே உப்பில் துருப்பிடித்து இறுகும். வசந்தத்தில் ஒருமுறை பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, மசகு போட்டு வாங்கிவிடுங்கள்.