800 வெள்ளியும் ஒரு சன்னலோர மேசையும்

கேள்வி: அன்புள்ள அக்கா, கோலாலம்பூர் செந்தூலில் மூன்று அறை அடுக்குமாடி வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் இருக்கிறேன். ஓராண்டாக வீட்டிலிருந்தபடியே மலாய், ஆங்கிலக் கையேடுகளைத் தமிழாக்கித் தருகிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று ஊதியம். சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். கழுத்து வலி விடுவதாக இல்லை. தமிழைக் கைப்பேசியில் தட்டி, மடிக்கணினிக்கு அனுப்பி ஒட்டுகிறேன். வேலையை ஒழுங்குபடுத்த டிரெல்லோ, நோஷன், டோடோயிஸ்ட் என்று ஒன்பது செயலிகளை இறக்கிவைத்தும் இரவு ஒரு மணி வரை உட்கார வேண்டியிருக்கிறது. கையில் 800 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. எதை வாங்கலாம், எந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாம்? என் கணவரும் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய ஆசைப்படுகிறார். முதலாளியிடம் கேட்க வழி உண்டா? — செந்தூல் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். கைப்பேசியில் தட்டி மடிக்கணினியில் ஒட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைத் தின்பது அதுதான். செயலியும் நாற்காலியும் பிறகு. முதலில் விசைப்பலகையைப் பார்த்துவிடுவோம்.

தமிழை நேராக மடிக்கணினியில் தட்டப் பழகுங்கள். அதற்கு நான் சொல்வது தமிழ்99. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்து உட்காரும் என்பது அதன் விதி. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல். எண்ணிக்கை குறைவது சிறிய லாபம். பெரிய லாபம் வேறு. ஆங்கில எழுத்தை நினைத்துத் தமிழைத் தட்டும்போது மனம் இரண்டு மொழிக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். நீங்களோ ஏற்கெனவே மொழிபெயர்ப்பில் பல மொழிகளைச் சுமக்கிறீர்கள். இன்னொரு சுமை எதற்கு?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 கிடைக்கும். மேக் கணினியில் தமிழ்99, ஆங்கில எழுத்துவழித் தட்டும் அஞ்சல் இரண்டுமே உண்டு. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கி, 2005-இல் தமிழில் தட்ட உதவும் செல்லினத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தார். கணினித் தமிழுக்கு இவ்வளவு செய்த மண்ணில் இருந்துகொண்டு நீங்கள் இரண்டு கருவிகளுக்கு இடையே தாள் கடத்துவதுபோல் சொற்களைக் கடத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நாள்தோறும் இருபது நிமிடம், மூன்று வாரம் பழகுங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும். அந்த வாரத்தில் அவசர வேலை எதையும் ஏற்காதீர்கள்.

குரல்வழித் தட்டச்சும் உதவும். கூகுள் டாக்ஸில் மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழ் மலேசியாவுக்கென்றே தனியாக இருக்கும். முதல் வரைவை வாயால் சொல்லிவிட்டுப் பிறகு உட்கார்ந்து திருத்தலாம். ஒற்றுப் பிழைகளுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள்.

இனி மேசை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பல வீடுகளில் சாப்பாட்டு மேசையே அலுவலகமானது. அது சில மாதங்களுக்கான ஏற்பாடு. ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலைக்குத் தனி மேசை வேண்டும், சிறியதானாலும். ஒரு மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் போதும். சன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி போடுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வெளிச்சம் திரையில் விழும். முகம் காட்டி உட்கார்ந்தால் கண் கூசும். மேற்குப் பார்த்த சன்னலாக இருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அந்த இடம் அடுப்பங்கரையாகிவிடும். வேறு மூலை பாருங்கள்.

கழுத்து வலிக்குக் காரணம் திரையின் உயரம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். திரை ஒரு கை தூரத்தில் இருக்க வேண்டும். மடிக்கணினியின் கீழே கெட்டி அட்டைப் புத்தகங்களை அடுக்கி உயர்த்துங்கள், செலவில்லை. அப்படி உயர்த்திய பிறகு அதிலேயே தட்ட முடியாது. ஆகவே தனி விசைப்பலகையும் சுட்டியும் வாங்கியாக வேண்டும். புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். விசைகளைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் பணத்தில் பெரும்பங்கு நாற்காலிக்குப் போகட்டும். புதியது வேண்டாம். அலுவலகங்கள் காலி செய்த நாற்காலிகளை விற்கும் பழைய தளவாடக் கடைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் நிறைய உண்டு. உயரம் ஏறி இறங்குகிறதா, இடுப்புக்குத் தாங்கல் இருக்கிறதா என்று பத்து நிமிடம் உட்கார்ந்தே பாருங்கள். முழங்கை மேசை மட்டத்தில் மடங்க வேண்டும். அப்படி ஏற்றும்போது பாதம் தரையில் பதியவில்லை என்றால் காலுக்கடியில் ஒரு பலகை போடுங்கள். நம் பெண்களில் பலருக்கு அது தேவைப்படும். மேசைகள் நம் உயரத்துக்குச் செய்யப்படுவதில்லை.

மிச்சப் பணத்தில் மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகை ஒன்று, சிரிம் தரச்சான்று முத்திரை பார்த்து வாங்குங்கள். இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். கோலாலம்பூரின் மாலை இடிமழை உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், நாலரை மணி இருக்கும், ஒரே இடி. வீட்டு மின்சாரம் பட்டென்று விழுந்தது. விசையை மறுபடி ஏற்றியபோது மோடம் செத்திருந்தது. கணினியும் எழுந்திருக்கவில்லை. இருநூறு பக்க மெய்ப்பு, மறுநாள் காலை அனுப்ப வேண்டியது, அதில் மட்டுமே இருந்தது. அன்று இரவு நான் அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வானம் கறுத்தால் என் கை தானாகச் செருகியைப் பிடுங்கும். மோடத்தின் கம்பியையும் சேர்த்தே பிடுங்குவேன். மடிக்கணினிக்கு மின்கலம் இருக்கிறது, இணையத்துக்குக் கைப்பேசி இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓட்டிவிடலாம். கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள்: கணினியில், வெளிவட்டில், கூகுள் டிரைவில். டிரைவில் 15 ஜிபி வரை இலவசம். வெறும் சொற்களுக்கு அது தாராளம்.

ஒன்பது செயலிகளில் ஆறை அழித்துவிடுங்கள். செய்ய வேண்டிய வேலை ஒன்பது இடத்தில் எழுதியிருந்தால் எங்குமே எழுதாததற்குச் சமம். டிரெல்லோ இருக்கட்டும், அதில் 'வந்தது, நடக்கிறது, அனுப்பியது' என்று மூன்றே பத்திகள். கெடு தேதிகளுக்குக் கூகுள் நாள்காட்டி. மூன்றாவதாக வாட்ஸ்அப் பிஸ்னஸ். இன்னொரு சிம் எண்ணில் அதைத் திறந்து, வேலை கொடுப்பவர்களுக்கு அந்த எண்ணை மட்டும் கொடுங்கள். உறவினர் குழுவின் காலை வணக்கங்களுக்கு நடுவே ஒரு திருத்தக் குறிப்பு புதைந்துபோவது அதோடு நிற்கும். பெரிய கெடுக்களைச் சுவரில் தொங்கும் குதிரை நாள்காட்டியிலும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பள்ளி விடுமுறையும் அதிலேயே இருப்பதால் எந்த வாரம் வேலையைக் குறைத்து ஏற்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும். வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரியும், அதுதான் முக்கியம்.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பகலில் வீட்டில் உங்களோடு இருப்பவர் அவர்தான். நான் வேலைக்கு உட்காரும்போது கைக்கடிகாரம் கட்டிக்கொள்வேன். என் அம்மா இருந்த காலத்தில் பேச வருவதற்கு முன் என் மணிக்கட்டைத்தான் பார்ப்பார். கடிகாரம் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார். கழற்றி மேசையில் வைத்த சத்தம் கேட்டதும் கோப்பியோடு வருவார். இப்படி ஒன்றை உங்கள் மாமியாரோடு உட்கார்ந்து, மரியாதையாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும்வரை உள்ள காலைப்பொழுதில் தமிழாக்கத்தை மட்டும் செய்யுங்கள். மின்னஞ்சலும் கணக்கும் பிற்பகலுக்கு. வீட்டில் அறவே முடியாத நாளில் துன் ரசாக் சாலையில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, இணையக் கட்டணப் பில் யார் பெயரில் வருகிறது? வருமான வரியில் 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் இணையச் சந்தா சேரும். ஆனால் பில் அவரவர் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு வழி உண்டு. திருத்தப்பட்ட 1955 வேலைச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி தொழிலாளி வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கட்டாயம் கிடைத்துவிடும் என்பதில்லை. எந்த இரண்டு நாள், எந்த வேலையை வீட்டிலிருந்து முடிப்பார் என்று தெளிவாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அனுமதி கிடைத்தால் அந்த இரண்டு நாளும் அவர் சாப்பாட்டு மேசையில் உட்காரட்டும். சன்னலோர மேசையை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள், தங்கையே. அது உங்களுடையது.