ஒரே அலைவரிசை, ஊர்ப்பட்ட நிகழ்ச்சிகள்: சமுதாய வானொலி கேள்வி பதில்

சமுதாய வானொலியில், அதாவது ஊர்மக்களே லாப நோக்கமின்றி நடத்தும் வானொலியில், நிகழ்ச்சி நிரல் போடும் வேலையில் நெடுநாளாக இருக்கிறேன். நிகழ்ச்சிகளைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். உரிமம் வாங்குவது பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது நாட்டுக்கு நாடு மாறும் சமாச்சாரம், இங்கே தொடவில்லை.

கே: காலையில் ஜாஸ், பதினோரு மணிக்கு வாடகைதாரர் உரிமை, மத்தியானம் நாட்டுப்புறப் பாட்டு, ராத்திரி காதைக் கிழிக்கிற மெட்டல். ஒரு ஒழுங்காக நடத்தத் தெரியாமல் இப்படிச் செய்கிறார்களா, வேண்டுமென்றே செய்கிறார்களா?

ப: வேண்டுமென்றேதான். வணிக வானொலி நேயர்களைத் திரட்டி விளம்பரதாரரிடம் காட்ட வேண்டும். இன்ன வயது, இன்ன வருமானம் என்று ஒரு கூட்டத்தைக் குறிவைத்த பிறகு, அந்தக் கூட்டம் எந்த நிமிடத்தில் பெட்டியைத் திருகினாலும் பழகிய சத்தமே கேட்க வேண்டும். அதனால் குறிப்பிட்ட பாட்டுகளே சுற்றிச் சுற்றி வரும். சமுதாய வானொலிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அங்கே நிகழ்ச்சி என்பது ஒரு ஆளுடைய ஈடுபாடு. ஆள் மாறினால் நிகழ்ச்சியின் முகமும் மாறும்.

இதற்கு ஒரு பூர்வீகம் உண்டு. லூயிஸ் ஹில் என்ற அமெரிக்கர் 1946-ல் பசிஃபிகா அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் முதல் நிலையம் கே.பி.எஃப்.ஏ., 1949 ஏப்ரல் 15 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பண்பலையில் (எஃப்.எம்.) ஒலிக்க ஆரம்பித்தது. விளம்பரம் கிடையாது, நேயர் சந்தாதான் வருமானம். கேட்கக்கூடியவர்களில் 2 சதவீதம் பேர் சந்தா கட்டினால் நிலையம் தாக்குப்பிடிக்கும் என்பது ஹில்லின் கணக்கு. அப்போது பண்பலைப் பெட்டியே பலரிடம் இல்லை. 1950-ல் பணம் தீர்ந்து நிலையம் மூடப்பட்டு, மாதக்கணக்கில் மௌனமாகக் கிடந்து, நேயர்கள் திரட்டிய பணத்தில்தான் மறுபடி எழுந்தது. 1953 முதல் அங்கே ஆலன் வாட்ஸ் என்ற எழுத்தாளர் ஜென் பௌத்தம் பற்றிப் பேசத் தொடங்கினார். எந்த விளம்பரக் கம்பெனி அதற்கு நேரம் வாங்கிக் கொடுத்திருக்கும்? 2 சதவீதம் போதும் என்ற அந்தக் கணக்கில்தான் எல்லாமே இருக்கிறது. எல்லோரையும் எல்லா நேரமும் பிடித்துவைக்கத் தேவையில்லை; சிலருக்கு அந்த ஒரு மணி நேரம் உயிராக இருந்தால் போதும்.

கே: அப்படியானால் யார் எந்த நேரத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? நிரலை யார் முடிவு செய்கிறார்கள்?

ப: பெரும்பாலான நிலையங்களில் ஒரு நிகழ்ச்சிக் குழு இருக்கும். தன்னார்வலர்கள், ஓரிரு ஊழியர்கள், சில இடங்களில் நேயர் பிரதிநிதிகள். சண்டை நடக்கும் இடமும் அதுதான். நிகழ்ச்சி நிரல் ஒரு கூட்டுக் குடித்தனம். யாருக்கு எந்த அறை என்பதைவிட யாருக்குப் பக்கத்தில் யார் என்பதே பெரிய பிரச்சினை.

நான் போடும் முறை இது. வார நாட்களில் காலையும் மாலையும் தினம் ஒரே வகை நிகழ்ச்சி. தொகுப்பாளர் நாளுக்கு ஒருவராக மாறலாம், தினுசு மாறக்கூடாது. வேலைக்குக் கிளம்புகிறவர் இன்று என்ன கிழமை என்று யோசித்துவிட்டா வானொலியைப் போடுவார்? இரவு எட்டுக்கு மேல் கயிற்றை அவிழ்த்துவிடலாம்: திங்களன்று ப்ளூஸ், செவ்வாயன்று கதை வாசிப்பு, புதனன்று ஒலிக்கலைப் பரிசோதனை. வார இறுதியைப் பிறமொழி நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்குவேன், அந்த மொழிக்காரர்களின் குடும்பம் மொத்தமும் வீட்டில் இருக்கும் என்பதால். மெட்டல் முடிந்த கையோடு சிறுவர் கதை வைத்தால் இரண்டு பக்கமும் ஆள் ஓடிவிடும். நடுவில் அரை மணி வாத்திய இசை வைத்தால் கொஞ்சம் பேராவது தங்குவார்கள்.

கைமாறும் நேரம்தான் உயிர்நாடி. மதியம் ஒரு மணிக்கு நிகழ்ச்சி தொடங்குகிறவர் 12:50-க்கே ஸ்டுடியோ வாசலில் இருக்க வேண்டும். 12:56 வாக்கில் உள்ளே இருப்பவர் நீளமான கடைசிப் பாட்டைப் போடுவார். அது ஓடும்போதே நாற்காலி மாறும், ஹெட்போன் மாறும். வந்தவர் தன் லேப்டாப்பை மிக்சரில் (ஒலிகளைக் கலக்கும் கருவி) வேறு சேனலில் செருகி, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை ஏற்றாமல், ஒலிபரப்பில் போகாமல் கேட்க உதவும் க்யூ பொத்தானை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று காதில் மட்டும் கேட்டுக்கொள்வார். பாட்டு மங்கும்போது போகிறவர் இரண்டு வரி பேசுவார், நிலைய அறிவிப்பு ஒலிக்கும், சரியாக ஒரு மணி. போகிறவருக்கு வருகிறவரின் இசை சகிக்காமல் இருக்கலாம். ஆனாலும் "அடுத்து இன்னார் வருகிறார், இன்னது தருகிறார், இருங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. நிகழ்ச்சிக்குள் எவ்வளவு சுதந்திரம் உண்டோ அவ்வளவு கறாராகக் கடிகாரம் இருக்க வேண்டும். ஒருவர் ஐந்து நிமிடம் இழுத்தால் அன்று ராத்திரி வரை எல்லாம் சரியும்.

கே: ஃப்ரீஃபார்ம் என்கிறார்களே, மனம் போன போக்கில் பாட்டுப் போடுவதா?

ப: பாட்டுப் பட்டியலை நிலையம் தராது, என்ன போடுவது என்பது முழுக்கத் தொகுப்பாளர் கையில். இதற்குப் பேர்போனது நியூ ஜெர்சியின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. 1958-ல் அப்சலா கல்லூரியின் நிலையமாகத் தொடங்கியது. 1995-ல் கல்லூரியே மூடப்பட்டது, நிலையம் பிழைத்துக்கொண்டது. நேயர் காசில் இன்றும் ஓடுகிறது.

மனம் போன போக்கு என்பது கேட்பவருக்குத் தோன்ற வேண்டியது. நல்ல தொகுப்பாளர் அதற்கு இரண்டு மடங்கு உழைத்திருப்பார். தறி ஓட்டுபவர்களின் பாட்டு ஒன்று முடிகிற தாளத்திலேயே ரயில் சத்தப் பதிவு நுழைகிறது, அந்த ரயிலின் கதியிலேயே டெக்னோ ஒன்று கிளம்புகிறது. மூன்றும் ஏன் அடுத்தடுத்து வந்தன என்று வாயால் விளக்காமலே காதுக்குப் புரிந்துவிடும். சும்மா விசித்திரமாக இருக்க வேண்டும் என்று விசித்திரமாகப் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் நிகழ்ச்சி கால் மணி நேரத்தில் அலுத்துவிடும்.

கே: தம்பி, எனக்கு ஒரு சொல்லும் புரியாத மொழியில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். அந்த நேரத்தை எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஏன் தரக்கூடாது?

ப: ஐயா, மற்ற நேரமெல்லாம் அவர்களுக்கும் அப்படித்தானே? மெல்போர்னின் 3 இசட்.இசட்.இசட். நிலையம் 1989 முதல் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகள். புது நாட்டில் இறங்கிய ஒருவருக்குப் பள்ளிச் சேர்க்கையையும் தடுப்பூசியையும் சொந்த மொழியில் சொல்வது முதல் வேலை. பாட்டும் பழங்கதையும் பிறகு.

ஆனால் உங்கள் குறையிலும் நியாயம் இருக்கிறது. இப்போது என்ன பேசுகிறோம், ஒலிக்கும் பாட்டு யாருடையது என்று கால் மணிக்கு ஒரு தரம் பொது மொழியில் ஒரு வரி சொன்னால் உங்களைப் போன்றவர்களும் இருப்பீர்கள். எங்கள் தொகுப்பாளர்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறோம்.

வெளியே தெரியாத சிக்கல் வேறொன்று. ஒரே மொழிக்காரர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி இருக்கும். யார் பேசுவது அந்தச் சமூகத்தின் குரல் என்று நிகழ்ச்சிக் குழு தீர்ப்புச் சொல்லும்படி ஆகிவிடும். நான் நேரத்தைப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும் கட்சி.

கே: செய்தி உண்டா? அரசியல் பேசலாமா?

ப: நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு போன்றவை செய்திக் கணக்கில் வராது. அங்கே நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 சதவீதம் உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவாக்கியதாக இருக்க வேண்டும் என்ற நல்ல விதியும் உண்டு. செய்தி, அரசியல் விஷயத்தில் பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர் வானொலிகள் இந்தியாவுக்கு நேர் எதிர். 1940-களின் கடைசியிலிருந்து தொழிலாளர்கள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து நடத்தியவை. சங்கக் கூட்டமும் கால்பந்தும் நேயர் விருப்பப் பாட்டும் ஒரே நாளில் ஒலிக்கும். 1980 ராணுவப் புரட்சியின்போது அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சங்கிலியாக ஒலிபரப்பின.

செய்தி வாசிக்க முடியாத இடத்திலும் தகவல் தரலாம். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் இலங்கையின் கொத்மலை. 1989-ல் தொடங்கிய சமுதாய வானொலி. 1990-களின் கடைசியில், வீடுகளில் இணையம் இல்லாத காலத்தில், யுனெஸ்கோ உதவியோடு அங்கே ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள்; தொகுப்பாளர்கள் விஷயம் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி, கிடைத்ததை நேயர்களின் மொழியில் விளக்குவார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு ஒரே இணைய இணைப்பு!

கே: சமூக அறிவிப்புகள் சரியான அறுவை. நீக்கிவிட்டால் என்ன?

ப: நீக்க வேண்டாம், அவற்றை எழுதுகிறவரை மாற்றுங்கள். முப்பது விநாடிக்கு மேல் போனால் யாரும் கேட்பதில்லை.

கே: நள்ளிரவு நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்டுவிடப் போகிறார்கள்? பத்துப் பேருக்காக ஒரு நிலையமா?

ப: எத்தனை பேர் என்பதோடு எந்தப் பேர் என்றும் கேளுங்கள். 1969-ல் மினசோட்டாவில் பார்வையற்றவர்களுக்காக நாளிதழ்களையும் புத்தகங்களையும் வாசிக்கும் வானொலிச் சேவை, அதை மட்டும் பிடிக்கும் தனி வானொலிப் பெட்டிகள் வழியாகத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் அதே வேலையைச் சாதாரணப் பெட்டியிலேயே கேட்கும்படி செய்கிறார்கள். தள்ளுபடி விளம்பரத்தைக்கூட விடாமல் வாசிப்பார்கள். பார்வை உள்ளவருக்கு இதைவிடச் சலிப்பான நிகழ்ச்சி இருக்க முடியாது.

இன்னொன்று: கென்டக்கி மலைப்பகுதியில் டபிள்யூ.எம்.எம்.டி. என்ற நிலையம். சுற்றிலும் சிறைகள் எழும்பின. நிலையத்தின் ஹிப்ஹாப் நிகழ்ச்சிக்குச் சிறைக்குள்ளிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. கைதிகளின் குடும்பங்களோ பல மணி நேரப் பயணத் தொலைவில். அதனால் குடும்பத்தினர் தொலைபேசியில் பேசுவதைப் பதிவு செய்து, வாரம் ஒரு இரவு இசை நிகழ்ச்சியோடு ஒலிபரப்புகிறார்கள். குழந்தை தன் மதிப்பெண்ணைச் சொல்லும், அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பார், உள்ளே ஒருவர் பெட்டியைக் காதோடு அணைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். வேறு எந்த நேயர் கணக்கெடுப்பிலும் அவர் வரமாட்டார்.

கே: எல்லாம் பாட்காஸ்டில் கிடைக்கும்போது இது எதற்கு?

ப: பாட்காஸ்டில் நீங்கள் தேடியது கிடைக்கும். வாடகைதாரர் உரிமை பற்றி நீங்கள் ஒருநாளும் தேடியிருக்க மாட்டீர்கள், ஜாஸ் முடிந்தும் பெட்டியை அணைக்காததால் கேட்டீர்கள். அப்புறம், மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் விழுந்த நாளை நினைத்துப் பாருங்கள். 2005-ல் கத்ரீனா புயலில் மிசிசிப்பியின் பே செயின்ட் லூயிஸ் ஊரில் குறைந்த திறன் பண்பலை நிலையம் ஒன்றுதான் மக்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தது. 2015 நேபாள நிலநடுக்கத்தின்போது கட்டடத்துக்குள் போக முடியாத நிலையங்கள் கூடாரத்திலிருந்து ஒலிபரப்பின.

கே: அண்ணா, எனக்கு ஒரு நிகழ்ச்சி செய்ய ஆசை. "எல்லா வகை நல்ல இசையும்" என்று எழுதிக்கொடுத்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன்?

ப: நானும் அனுப்பியிருப்பேன். அப்படி ஒரு விண்ணப்பம் வராத மாதம் கிடையாது. நிலையத்தின் நிரலை ஒரு வாரம் முழுக்கக் கேளுங்கள், அதில் எது இல்லை என்று பாருங்கள். பிறகு மூன்று நிகழ்ச்சிகளுக்கு என்னென்ன வரும் என்று நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். "பெண் தவில் கலைஞர்கள்", "ஆலை மூடியபின் அங்கே வேலை பார்த்தவர்கள்", "இந்த வாரம் நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகம்" என்று வந்தால் குழு நிமிர்ந்து உட்காரும். தெலங்கானாவின் மாச்னூரில் 2008-ல் தொடங்கிய சங்கம் வானொலியைத் தலித் பெண் விவசாயிகள் நடத்துகிறார்கள். விதை, சிறுதானியம், கைவைத்தியம், வயல் பாட்டு என்று அவர்களுக்குத் தெரிந்ததே அவர்கள் நிகழ்ச்சி. வெளியே தேடிப் போகவில்லை.

குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். பாட்டு முடிந்ததும் அது என்ன பாட்டு, பாடியது யார் என்று சொன்னால் போதும். பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

கே: இருபது வருடமாக ஒருவரே ஒரு நேரத்தைப் பிடித்துவைத்திருக்கிறார். எடுக்க முடியாதா?

ப: கஷ்டம். இப்படிப்பட்டவர்களில் சிலர் நிலையத்துக்கே அடையாளம். சிலர் ஒரே அலமாரியில் இருக்கும் பாட்டுகளையே திருப்பித் திருப்பிப் போடுகிறவர்கள். ஆண்டுக்கொருமுறை எல்லா நேரமும் காலி, எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்துவிடுங்கள். நல்லவர் எளிதாகத் திரும்பி வருவார். அவரவர் நேரம் அவரவர் சொத்து என்று ஆகிவிட்ட நிலையத்தில் புதுக்குரல் நுழையவே நுழையாது. பணமில்லாமல் போவதைவிட இதுதான் நிலையங்களை மெல்லக் கொல்கிறது என்பது என் கட்சி.

கே: ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது வந்தால் சத்தம் திடீரென்று எகிறுகிறது. வீட்டில் திட்டு விழுகிறது.

ப: முன்பதிவு நிகழ்ச்சிகளை ஆளாளுக்கு ஒரு அளவில் அனுப்புவதால் வருவது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரைப்படி மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்று எல்லோரையும் ஒரே அளவில் அனுப்பச் சொன்னால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதை அளக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நேரலைக்காரர்களுக்கு மிக்சரின் மீட்டரில் சிவப்பு எரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதியை ஒலிபரப்பிக்கு முன்னால் இருக்கும், சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் என்ற கருவி பார்த்துக்கொள்ளும். அதைக் கடைசியாக யார் சரிபார்த்தார்கள் என்று நிலையத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.