புளூட்டோவின் கோணல் நிலாக்கள்

வணக்கம் ஐயா,

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் புளூட்டோ மாதிரி செய்கிறார்கள். ஐந்து நிலாக்களுக்கும் கோலிக்குண்டு வைத்தோம். சாரன் மட்டுமே உருண்டை, மற்றவை கோணல் என்கிறார் சக ஆசிரியர். ஏன் அப்படி? எந்த அளவில் செய்வது?

ஓர் ஆசிரியை, பாலக்கோடு

அன்புள்ள டீச்சர்,

அவர் சொன்னதுதான் சரி. ஒரு பொருளை உருண்டையாக்குவது அதன் சொந்த எடை. கோணல் நிலாக்களில் ஒன்றான நிக்ஸின் நீளம் 50 கி.மீ., குறுக்கே 35, 33. முழுக்கப் பனிக்கட்டி என்று வைத்துக்கொண்டால், அதன் நடுமையத்தில் அழுத்தம் நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தில் பாதிதான் வரும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரியில் ஏழடி உயரக் கிரானைட் கல்லை நிறுத்தினால் அதன் அடியில் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அவ்வளவே. அடியில் கல் நசுங்குகிறதா என்ன? அந்தக் குளிரில் பனிக்கட்டியும் பாறை போலத்தான், மசியாது. 1,212 கி.மீ. விட்டமுள்ள சாரனின் கதை வேறு.

10 கி.மீ.க்கு 1 மி.மீ. என்று வையுங்கள். புளூட்டோ 23.8 செ.மீ., கால்பந்தைவிடச் சற்றுப் பெரிது. சாரன் 12 செ.மீ., புளூட்டோவிலிருந்து 1.96 மீட்டரில். நிக்ஸ், ஹைட்ரா இரண்டும் 5 மி.மீ. நீளம். ஸ்டிக்ஸ் ஒரு ராகி மணி. கெர்பரோஸுக்கு இரண்டு ராகி மணிகளை ஒட்டிவிடுங்கள், அதன் உருவமே இரட்டைக் குமிழ்தான்.

நிக்ஸுக்கும் ஹைட்ராவுக்கும் களிமண் வேண்டாம், விரல் பட்டாலே உருண்டுவிடும். சாக்பீஸ் துண்டைச் சிமென்ட் தரையில் தேய்த்தால் போதும். சாம்பல் சாயம் அடிக்காதீர்கள். இவை விழும் ஒளியில் பாதிக்குமேல் திருப்பி அனுப்பும் வெளிர் பனி. நிக்ஸில் ஒரு பெரிய பள்ளத்தையொட்டி மட்டும் லேசாகச் செம்மண் தொடலாம். 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த படத்தில் அது தெரிகிறது.

எல்லோரும் தவறுவது வட்டம் போடும்போதுதான். புளூட்டோவை நடுவில் வைக்கக் கூடாது. புளூட்டோவும் சாரனும் சேர்ந்து சுற்றும் பொதுமையம் புளூட்டோவுக்கு வெளியே இருக்கிறது. உங்கள் அளவில் பந்தின் விளிம்பிலிருந்து சுமார் 9 செ.மீ. தள்ளி, சாரன் பக்கம். அங்கே ஆணி அடித்துக் கயிறு கட்டுங்கள்: ஸ்டிக்ஸுக்கு 4.27 மீட்டர், நிக்ஸ் 4.87, கெர்பரோஸ் 5.78, ஹைட்ரா 6.47. வகுப்பறை பற்றாது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.

இன்னொன்று. சாரன்போல இவையும் புளூட்டோவுக்கு எப்போதும் ஒரே முகம் காட்டுவதாக எழுதி ஒட்டிவிடாதீர்கள். ஹைட்ரா அந்தப் பொதுமையத்தை ஒருமுறை சுற்றிவர 38 நாள்; அதற்குள் தன்னைத்தானே கிட்டத்தட்ட 89 முறை சுழன்றுவிடும்.