ராத்திரி பாஸ்தா: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். இரண்டு பேரும் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழரை ஆகிவிடுகிறது. பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாளாவது பாஸ்தா கேட்கிறார்கள். மளிகைக் கடையில் லூஸில் எடை போட்டுத் தருகிறார்கள், சூப்பர் மார்க்கெட்டில் பார்க்க அதே மாதிரி இருக்கிற பாக்கெட் ரொம்ப விலை. அவ்வளவு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் பாக்கெட்டின் முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடவேண்டும் என்பது விதி, அங்கே முதல் வார்த்தையாக ‘டியூரம் வீட் செமோலினா’ என்று இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். இது கெட்டியான, மஞ்சள் நிறக் கோதுமையின் ரவை. இதில் இருக்கிற புரதம் மாவுச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் வெந்த பிறகும் பாஸ்தா தனித்தனியாக நிற்கும். இத்தாலியில் 1967-லேயே சட்டம் போட்டு, காய்ந்த பாஸ்தாவை இந்த ரவையில்தான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மைதா சேர்த்தது இரண்டு நிமிடம் கூடினாலே கொழகொழத்துவிடும், நடுவில் ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்க ஓடுகிற வீட்டுக்கு அது சரிவராது.

லூஸ் பாஸ்தாவில் எதில் செய்தது, எப்போது செய்தது எதுவுமே தெரியாது, நான் வாங்கமாட்டேன். ‘சிறுதானியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டில், அந்தச் சிறுதானியம் எத்தனை சதவீதம் என்பதையும் போட்டிருக்கவேண்டும், பெரும்பாலும் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22-லிருந்து பாஸ்தாவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்பு 12 இருந்தது.

அளவு: பெரியவர்களுக்கு ஆளுக்கு 80 முதல் 100 கிராம், பிள்ளைகளுக்கு அதில் பாதி. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், நன்றாகக் கொதித்த பிறகு உப்பு. எண்ணெய் ஊற்றவேண்டாம், அது மேலே மிதக்குமே தவிர ஒட்டாமல் தடுக்காது, போட்ட முதல் ஒரு நிமிடம் கிளறிவிட்டால் போதும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிட்டு மீதியை மசாலாவில் வேகவிடுங்கள். வடிக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வையுங்கள், அந்த மாவுத்தண்ணீர்தான் சாஸைப் பாஸ்தாவோடு சேர்த்துப் பிடிக்கும்.

கேள்வி: மசாலாவோடு வரும் ஐந்து நிமிடப் பாஸ்தா பாக்கெட் வாங்கலாமா? – ராணிப்பேட்டை வாசகி

பதில்: எப்போதாவது சரி. சோடியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். லேபிளில் 100 கிராமுக்கு என்று போட்டிருப்பதை முழுப் பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பிள்ளை முழுப் பாக்கெட்டையும் சாப்பிட்டுவிடும்.

கேள்வி: பாட்டில் சாஸ் வாங்காமல் என்ன செய்வது? எந்தச் சீஸ் நல்லது? – ஆற்காடு வாசகர்

பதில்: நம்ம ஊரில் இருந்துகொண்டு சாஸ் பாட்டிலுக்குக் காசு கொடுப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. சிசிலியில் கத்தானியா என்ற ஊரில் ‘பாஸ்தா அல்லா நோர்மா’ என்று ஒன்று செய்கிறார்கள், பொரித்த கத்திரிக்காயும் தக்காளியும்தான் அதற்கு உயிர். நம்மிடம் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் இருக்கிறது, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள மட்டும்தான் என்று ஏன் ஒதுக்கவேண்டும்? பாஸ்தாவுக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் நாலு கத்திரிக்காயைத் துண்டு போட்டுக் கடலை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி எடுத்து வையுங்கள். அதே சட்டியில் நாலைந்து பல் பூண்டு, ஒரு காய்ந்த மிளகாய், நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி ஆறு, உப்பு. தக்காளி சுண்டி எண்ணெய் பிரிந்ததும் பாஸ்தா, கொஞ்சம் மாவுத்தண்ணீர், கடைசியில் கத்திரிக்காய். அங்கே இதற்கு உப்புப் போட்ட ரிக்கோட்டா என்ற சீஸைத் துருவிப் போடுவார்கள், நமக்குப் பனீரைத் துருவி உப்பு பிசறிப் போட்டாலே நன்றாக இருக்கும். அவர்கள் இதில் போடுகிற பேசில் இலை கிடைக்கவில்லை என்று துளசியைப் பறித்துப் போடாதீர்கள், வாசனை கஷாயம் மாதிரி ஆகிவிடும், கொத்தமல்லி போதும்.

முந்தின நாள் சுண்டல் மிச்சம் இருந்தால் இன்னும் சுலபம். கொண்டைக்கடலையில் பாதியை மசித்துப் பூண்டோடு தாளித்துச் சின்னப் பாஸ்தாவோடு குழைவாகச் செய்வதும் இத்தாலிக்காரர்களின் பழைய வீட்டுச் சாப்பாடுதான்.

சீஸ் வாங்கும்போது ‘அனலாக்’ என்ற வார்த்தை இருக்கிறதா, சேர்மானத்தில் தாவர எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பால் கொழுப்புக்குப் பதில் எண்ணெய் சேர்த்தது. விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் சீஸ் விலை கொடுக்கவேண்டியதில்லை.

கேள்வி: கையால் சுற்றும் பாஸ்தா மெஷின் ஆன்லைனில் தள்ளுபடியில் வருகிறது. வாங்கினால் தினமும் வீட்டிலேயே செய்யலாமா? – குடியாத்தம் வாசகி

பதில்: தினமும் முடியாது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, தேய்த்து, வெட்டி, பிறகு அந்த மெஷினைத் தண்ணீர் படாமல் பிரஷ்ஷால் துடைத்து வைக்கவேண்டும், தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை வேலை அது. ஆசையாக இருந்தால் முதலில் சப்பாத்திக் கட்டையில் மெல்லிசாகத் தேய்த்து, மாவு தூவி மடித்து, கத்தியால் நாடா நாடாக வெட்டிப் பாருங்கள். புது நாடா மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். இதை நாலைந்து வாரம் விடாமல் செய்தீர்கள் என்றால் மெஷின் வாங்குங்கள், இல்லாவிட்டால் அது பரணுக்குத்தான் போகும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பாஸ்தா பாக்கெட்டில் வண்டு. தேதி இன்னும் முடியவில்லை, ஆனாலும் மாற்றித் தர மறுக்கிறார்கள். – ஆம்பூர் வாசகர்

பதில்: பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வண்டோடு அப்படியே கட்டி வைத்து, பேட்ச் எண், தேதி, பில் எல்லாம் தெரியும்படி படம் எடுங்கள். விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்லவேண்டும். அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. அப்புறம், அந்தப் பாக்கெட் பக்கத்தில் இருந்த ரவை, மைதா டப்பாக்களையும் இன்றைக்கே திறந்து பார்த்துவிடுங்கள்.