குவாங்ஜு வழக்கு யாருக்காக?

அன்புள்ள ஐயா,

1980-இல் தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் போராடிய மக்களை ராணுவம் கொன்ற வழக்கில், அன்று ஆட்சியைப் பிடித்த தளபதியும் பின்னாள் அதிபருமான சுன் டூ-ஹ்வானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதை உங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப் படித்தேன். கைதாகி இரண்டே ஆண்டில் மன்னிப்பு. தொண்ணூறு வயதுவரை சொந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறார். அந்த வழக்கால் யாருக்கு என்ன பயன்? வெறும் கண்துடைப்புதானே?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கோபம் நியாயமானது. 1997 டிசம்பரில் கொடுத்த மன்னிப்பு தவறு என்றே நானும் நினைக்கிறேன். அடுத்த அதிபராகத் தேர்வாகியிருந்த கிம் டே-ஜுங் அதற்கு உடன்பட்டார். 1980-இல் சுன்னின் ராணுவ நீதிமன்றம் அவருக்கே தூக்கு விதித்திருந்தது. தன்னைக் கொல்லப் பார்த்தவரை மன்னிக்க அவருக்கு உரிமை உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த குவாங்ஜு தாய்மார்கள் சார்பில் மன்னிக்க யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் கண்துடைப்பு என்பதை ஏற்க மாட்டேன். சுன் போர்முனையில் மட்டும் உயர்ந்தவர் அல்ல. வியட்நாமில் ஒரு ரெஜிமென்ட்டை நடத்தினார், சரி. அவருடைய உண்மையான பலம், ராணுவத்துக்குள் ரகசியமாக இயங்கிய ‘ஹானாஹே’ என்ற அதிகாரிகள் குழு. 1979 அக்டோபரில் அதிபர் பார்க் சுங்-ஹீ சுட்டுக் கொல்லப்பட்டபோது ராணுவப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் இவர்தான். கொலை விசாரணையும் இவர் கைக்கு வந்தது. அந்த விசாரணையைச் சாக்காக வைத்தே டிசம்பர் 12 அன்று ராணுவத் தலைமைத் தளபதியைக் கைது செய்தார். அடுத்த மே மாதம் குவாங்ஜுவில் இறங்கிய படைகளுக்கோ, காகிதத்தில் இவர் தளபதியே இல்லை. அந்தக் காகிதத்தைத் தாண்டிப் பொறுப்பை நிறுவியதுதான் வழக்கின் சாதனை.

மே 21, மதியம் ஒரு மணி. மாகாண அரசு அலுவலகத்தின் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கிறது. பாராசூட் படையினர் கூட்டத்தை நோக்கிச் சுடுகிறார்கள். அந்த உத்தரவு யாருடையது என்பது நீதிமன்றத்தில் நிரூபணமாகவில்லை. மே 27 விடியற்காலையில், போராட்டக்காரர்கள் வசமிருந்த அதே கட்டடத்தைப் படை மீட்டதில்தான், கலக நோக்கத்தோடு செய்த கொலை என்ற குற்றச்சாட்டு நின்றது. இந்தக் குறை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

1995 ஜூலையில் அரசு வழக்கறிஞர்கள், வெற்றி பெற்றுவிட்ட ஆட்சிக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று கைவிரித்தார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, வழக்குத் தொடர வழிசெய்யும் தனிச் சட்டம் வந்தது. மேல்முறையீட்டில் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 1997 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குவாங்ஜு மக்களின் போராட்டம் அரசியலமைப்பைக் காக்க எழுந்த நியாயமான செயல் என்றும் சொன்னது. சுன்னின் ஆட்சியில் அவர்கள் அரசு ஏடுகளில் கலவரக்காரர்கள். அந்தத் தனிச் சட்டம் 1980-இல் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மறுவிசாரணைக்கும் வழி திறந்தது. கிம் டே-ஜுங்கே 2004-இல்தான் அப்படிக் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றார். மன்னிப்பு சுன்னைச் சிறையிலிருந்து வெளியே விட்டது. தீர்ப்பின் ஒரு வரியைக்கூட அதனால் அழிக்க முடியவில்லை.

கடைசிவரை சுன் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்ன பாதிரியாரை 2017-இல் தன் நினைவுக் குறிப்பில் சாத்தான் என்று எழுதினார். குவாங்ஜு நீதிமன்றமே 2020-இல் அதற்காக அவரைக் குற்றவாளி என்றது. மேல்முறையீடு முடிவதற்குள், 2021 நவம்பரில் இறந்துபோனார். 2023-இல் அவருடைய பேரன் குவாங்ஜுவுக்குப் போய், பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.